கசப்புக்கு ஒரு மூடி

உக்காரு தாயி, உக்காரு. பெஞ்சு என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா? இந்தப் பைய அந்தப் பக்கம் தள்ளிக்கிறேன். பாத்து, அதுல பாட்டிலு இருக்கு, சாஞ்சிறப் போகுது. நாலு மணிக்குத்தான் கதவத் தொறப்பாக. அதுவரைக்கும் நின்னாலும் ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான். அந்தா நிக்கிறான் பாரு, மீசையோட ஒரு வாச்மேன், அவங்கிட்ட மட்டும் கெஞ்சிறாத. கெஞ்சுறவுகளக் கண்டா அவனுக்குக் கொண்டாட்டம். கூடக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைப்பான்.

கேரியர்ல ரசஞ்சோறா? வாசம் வருது. வீட்டுக்காரருக்கா? என்னா பண்ணுது அவருக்கு? பாம்பா! அய்யோ, வயல்லயா? இப்பத் தேவலையா? நல்லது, நீ கும்புடுற சாமி கைவிடல. பாம்புன்னா ஒரு வகையில லேசு தாயி. என்னா கடிச்சதுன்னு தெரியும், அதுக்கு இன்ன ஊசின்னு தெரியும். அப்ப உன் வீட்டுக்காரரும் மாடியில ஆம்பளைக வார்டுலதான கெடக்காரு? எம்புள்ளையும் அங்கதான் கெடக்கான். சன்னலோரக் கட்டிலு. நீ பாத்திருப்ப. கையுங்காலும் குச்சியா, வகுறு மட்டும் பெருசா, கண்ணு மஞ்சளா. அவந்தான். பேரு பவுன்ராசு. எனக்கு ஒத்தப் புள்ள.

அவங்கூட நிக்கிறாளே ஒருத்தி, செவத்தவ, அவ மருமக. ஜெகதா. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸுதானாம் இங்க. அத அவ ரவிக்கைக்குள்ள சொருகி வச்சிருக்கா. குளிக்கப் போனாக் கூட எடுத்துக்கிட்டுத்தான் போறாளாம். பெத்தவ நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன், கட்டிக்கிட்டு வந்தவ உள்ள உக்காந்திருக்கா. இந்த வாரம் பூராம் எம்புள்ள மூஞ்சிய நான் பாக்கல. அப்படி என்ன செஞ்சேன்னு கேளு. மருந்து குடுத்தேன். பெத்த புள்ளைக்கு மருந்து குடுத்தேன், அதுக்குத்தான் இந்தத் தண்டன.

என்ன, குடிப்பாரான்னு கேக்க வர்றியா? கேளு, கேளு. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்குறாக. கண்ணு மஞ்சளா இருக்குன்னா ஒடனே குடிப்பானான்னுதான் கேள்வி. குடிப்பான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா குடிகாரன் இல்ல. குடிக்கிறவன் வேற, குடிகாரன் வேற.

குடிகாரன்னா எங்க வீட்டுக்காரரு. அந்த மனுசன் குடிச்சுட்டு வந்தா வீட்டுல சட்டி பானை மிஞ்சாது. இந்தா, இந்த முன்பல்லு இல்லையில்ல, அது அவரு எடுத்துக்கிட்டதுதான். அம்புட்டுக் குடிச்சவருக்குக் கண்ணு மஞ்சளாச்சா? வகுறு வீங்குச்சா? ஒண்ணுமில்ல. ரோட்டக் கடக்கையில லாரி அடிச்சுப் போயிச் சேந்தாரு. குடிச்சா ஈரலு கெட்டுப்போகுமுன்னா அவருக்குல்ல மொதல்ல கெட்டிருக்கணும்? இத நான் வார்டு டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அந்தப் புள்ள மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுச்சு.

எம்புள்ள அப்படியா? மைக்செட்டு போடுறவன் தாயி அவன். எங்க பக்கத்துல பவுன்ராசு மைக்செட்டுன்னா எல்லாருக்கும் தெரியும். தென்னமரத்து உச்சியில கொழாயக் கட்டிப் பாட்டப் போட்டான்னா நாலு ஊருக்குக் கேக்கும். குடிச்சாலும் ஒரு நாளு தெருவுல விழுந்து கெடந்ததில்ல. பொண்டாட்டிய ஒரு அடி அடிச்சதில்ல. வருவான், காலக் கழுவுவான், சாப்புடுவான், படுத்துக்கிருவான். தேடிப் போயிக் குடிக்கிற பழக்கமும் கெடையாது. காதுகுத்து, சடங்கு, கெடாவெட்டு, கேதம், எங்க போனாலும் மைக்செட்டுக்காரருக்குன்னு ஒரு பாட்டிலத் தனியா எடுத்து வச்சிருவாக. அது கூலியோட சேத்தி. வேண்டாமின்னு சொன்னாக் குடுக்குறவுகளுக்கு மொகம் சுண்டிப்போகும். நம்ம வீட்டுப் பாட்டில இவன் தொடலையேன்னு வருத்தப்படுவாக. அவன் எளகுன மனசுக்காரன், குடுத்தத மறுக்கத் தெரியாது. ஊருலயும் வருசம் பூராம் ஏதாச்சும் ஒண்ணு நடந்துக்கிட்டேதான இருக்கு? கல்யாணம் இல்லாத மாசத்துல சாவு இருக்கு.

இந்தக் காமால இப்ப வந்திருக்கிறது ரெண்டாந்தடவ. மொதத் தடவ வந்தது மூணு வருசத்துக்கு முன்னால. சோறு பிடிக்கல, எண்ணெ வாடையக் கண்டாலே கொமட்டுதுன்னான். ஒண்ணுக்குப் போனா கடலை எண்ணெ கணக்கா இருக்குன்னான். நான் அதுல ஒரு பிடி சோத்தப் போட்டு வச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல சோறு மஞ்சளா ஊறிப்போச்சு. காமாலதான், சந்தேகமே இல்ல. கையப் பிடிச்சு அங்குசாமி வைத்தியருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அவரு இவன் கண்ணு ரெப்பைய இழுத்துப் பாத்தாரு. வகுத்துல வலப்பக்கம் ரெண்டு வெரல வச்சு அமுக்குனாரு. குடிப்பியான்னு கேட்டாரு. நான்தான், லேசா வைத்தியரேன்னேன். அவரு என்னையத் திரும்பிப் பாக்கல, அவனையே பாத்துக்கிட்டிருந்தாரு. "கீழாநெல்லியக் குடுக்குறேன். ஒரு மண்டலம் பத்தியம். உப்பு, புளி, எண்ணெ, கவுச்சி எதுவும் ஆகாது. சாராயம் வாடையே ஆகாது. ஒரு சொட்டு பட்டாலும் மருந்து முறிஞ்சு ரத்தங்கக்கிச் சாவ"ன்னு சொல்லி, சூடத்த ஏத்தி, அவன் கையாலயே அணைக்க வச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. புள்ள பயந்துபோனான். மைக்செட்டத் தூக்கிப் பங்காளி மகன்கிட்டக் குடுத்துட்டு வீட்டோட கெடந்தான்.

மொத ஒரு வாரம் அவன் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்ல. கை நடுங்குது, கால் நடுங்குது, வேர்த்து ஊத்துது. எங்கயோ கொழாயில பாட்டுப் பாடுதும்மா, நிப்பாட்டச் சொல்லும்மாங்கிறான். பாட்டே இல்ல தாயி, ஊரு அமைதியாக் கெடக்கு. காதப் பொத்திக்கிட்டு அழுகுறான். வைத்தியரு வந்து பாத்துட்டு, உள்ள இருக்குற விசம் எறங்குது, பயப்படாத, பக்கத்துலயே இருன்னாரு. மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சு நானும் மனசத் தேத்திக்கிட்டேன். அப்பறம் தெளிஞ்சுட்டான். கஞ்சி எறங்குச்சு. மண்டலம் முடியிறப்பக் கண்ணு ரெண்டும் பால் வெள்ள. மொகத்துல ஒரு களை வந்துருச்சு. பேசுறான், சிரிக்கிறான், அவன் மக சைக்கிள் ஓட்டப் பின்னாடியே ஓடுறான். ஜெகதாகூட அன்னைக்கெல்லாம் என்னைய அத்தை அத்தைன்னுதான் சுத்தி வந்தா.

அந்தச் செடி சாமி தாயி. இம்புட்டுண்டு செடி, வாய்க்கா வரப்புல முளைக்கிறது, எலைக்கு அடியில குட்டிக் குட்டியாக் காய். அது எம்புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. கொணமானா கெடா வெட்டுறேன்னு குலசாமிக்கு நேந்திருந்தேன். வெட்டுனோம். சொந்தபந்தம் அம்புட்டும் வந்துச்சு. அவனே கொழாயக் கட்டிப் பாட்டுப் போட்டான். மைக்செட்டுக்காரருக்குன்னு வழக்கம்போல பாட்டில எடுத்து வச்சாக. அவன் என்னையப் பாத்தான். நான் சொன்னேன், மண்டலம்தான் முடிஞ்சுபோச்சே, பத்தியம் முறிச்சாச்சு, ஒரு நாளைக்குக் குடிச்சா என்னாயிரும், மருந்துதான் நம்ம கையில இருக்கேன்னு. புள்ள மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். ஜெகதா அன்னைக்குக் கறிச்சோத்தத் தொடவே இல்ல. கெட்ட குணம். நல்ல நாளுன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவா.

மறுநாளே நான் வாய்க்காக் கரைக்குப் போயிச் செடியப் பிடுங்கிட்டு வந்து பின்னால குளிக்கிற தண்ணி போற எடத்துல நட்டேன். வைத்தியரு வீட்டுக்கு ஏன் போகணும்? அவரு பாத்தா வைவாரு. அரைக்கத் தெரியாதா எனக்கு? வேரோட பிடுங்கி, மண்ணுப் போக அலசி, அம்மியில வச்சு மையா அரைச்சு, நெல்லிக்கா அளவு உருட்டி மோருல கலக்குனா முடிஞ்சுபோச்சு. மழையோ வெயிலோ, ஒரு நாளு தவறுனதில்ல. ராத்திரி குடிக்கிறத காலையில இது கழுவி விட்டுரும். அழுக்குச் சட்டைய அன்னன்னைக்குத் தொவச்சுப் போட்டுக்கிறோமில்ல, அந்த மாதிரி.

அவன் எந்திரிச்சு வர்றதே ஒரு அழகு தாயி. கண்ண முழிச்சதும் நேரா என் அறைக்குத்தான் வருவான். அம்மா, அரைச்சிட்டியான்னு கேப்பான். கல்யாணமான ஆம்பள, பொண்டாட்டி கையில காப்பி வாங்குறதுக்கு முன்னாடி ஆத்தாளத் தேடி வர்றான்னா எத்தன ஆத்தாளுக்கு அது கெடைக்கும்? எங்க தெருவுல பாதிப்பேருக்கு மகன் பேசுறதே கெடையாது. டம்ளரக் கையில வாங்கிக்கிட்டு எம்பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, நேத்து எந்த ஊருல செட்டு போட்டான், யாரு செத்தா, யாரு கல்யாணத்துல சண்ட, எல்லாத்தையும் சொல்லுவான். அப்பறம் பூராப்பொழுதும் அவன் எனக்கில்ல. அந்தக் காலை நேரம் மட்டும்தான் எனக்கு.

ஆனா கசப்பு. கீழாநெல்லி அப்படிக் கசக்கும். வாயில வச்சதும் கொமட்டி வெளிய கொண்டாந்துருவான். கசப்புக்கு ஒண்ணு சேத்துத்தான் குடிப்பான். அதப் பெறகு சொல்றேன்.

போன ஐப்பசி மழையிலதான் திரும்பி ஆரம்பிச்சுச்சு. மொதல்ல காலு வீங்குச்சு. செருப்பு நுழையல. மரத்துல ஏறி எறங்குறவன், காலு வீங்கத்தான் செய்யுமின்னு நான் உப்ப வறுத்து ஒத்தடம் குடுத்தேன். அப்பறம் வகுறு. புள்ளத்தாச்சி வகுறு கணக்கா முன்னால வந்துருச்சு, தொப்புளு வெளிய பிதுங்கிருச்சு. ஒடம்பு பூராம் அரிப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு முதுகெல்லாம் கோடு. கண்ணுல மஞ்சள் திரும்பி வந்துருச்சு. ஜெகதா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கத்துறா. மொதத் தடவ எந்த ஆஸ்பத்திரிடி கொணமாக்குச்சுன்னேன். ரெண்டு வேளைக்கு அரைச்சுக் குடுத்தேன். ரெண்ட மூணாக்குனேன். நான் அரைக்க அரைக்க மஞ்சள் ஏறுது தாயி. எனக்குப் புரியவே இல்ல. அதே செடி, அதே அம்மி, அதே கை.

ஒரு நாளு விடியக்காலம் முத்தத்துல உக்காந்து ரத்தங்கக்குனான். காப்பித்தூள் கரைச்ச மாதிரி கருப்பா கொஞ்சம், அப்பறம் செகப்பா. எனக்கு வைத்தியரு சூடம் ஏத்தி வச்சுச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவருகிட்டப் போயிக் கேப்போமின்னா, அவரு செத்தே ஒரு வருசமாச்சு. கேக்க ஆளில்ல. ஜெகதா ஆட்டோவக் கூப்புட்டா.

இங்க ஒரு டாக்டரம்மா இருக்கு, பாத்திருப்ப, சின்னப்புள்ள, ஒல்லியா. வகுத்துல ஊசியப் போட்டு தண்ணிய எறக்குச்சு. பக்கெட்டுப் பக்கெட்டா வந்துச்சு. பெறகு என்னையவும் அவளையவும் உக்கார வச்சுப் பேசுச்சு. "பாட்டி, மஞ்சக்காமாலைங்கிறது நோயே இல்ல. உள்ள ஈரல் கெட்டுப்போச்சுன்னு வெளிய தெரியிற அடையாளம். கிருமியால வரும், பித்தப்பையில கல்லு அடைச்சாலும் வரும். உங்க மகனுக்குக் குடியால வந்திருக்கு. வருசக் கணக்காக் குடிச்சு ஈரல் தழும்பு தழும்பாச் சுருங்கிப்போச்சு. ரத்தத்துல இருக்குற அழுக்க அதால கழிக்க முடியல. தண்ணி வகுத்துல சேருது"ன்னுச்சு.

நோயே இல்லைங்குது தாயி! நோயில்லைன்னா எதுக்கு படுக்கப் போட்டு ஊசி குத்துறீகன்னு கேட்டேன். படிச்ச புள்ள பேசுற பேச்சா அது? ஜெகதா என் கையப் பிடிச்சு அமுக்குறா, சும்மா இருங்கங்கிறா. அந்தப் புள்ள கோவிக்கல. பாட்டி, இப்பவும் ஒரு வழி இருக்கு, இனிமே ஒரு சொட்டு கூட உள்ள போகாம இருந்தா மிச்சம் இருக்குற ஈரல வச்சு அவரு எழுந்திருக்கலாம், போச்சுன்னா எங்க கையில ஒண்ணுமில்லன்னுச்சு. சரி தாயின்னேன். அப்ப கீழாநெல்லி குடுக்கலாமான்னு கேட்டேன். வெளிய இருந்து எதுவுமே குடுக்கக்கூடாதுன்னுருச்சு. இது அவுகளுக்கெல்லாம் ஒரு கவுரவம். செடியில கொணமாயிட்டா இவுகள யாரு மதிப்பா?

மறுநாளு அவனுக்குப் புத்தி கலங்கிருச்சு. ஜெகதாவப் பாத்து, நீங்க எந்த ஊரு, கல்யாண வீட்டுக்காரங்களான்னு கேக்குறான். சட்டையத் தடவித் தடவி ஒயரத் தேடுறான். கைய நீட்டச் சொன்னா, ரெண்டு கையும் படபடன்னு அடிச்சுக்கிருது. ஈரலு கழிக்காத அழுக்கு மூளைக்கு ஏறிருச்சாம். வகுத்துல இருக்குறது மண்டைக்கு எப்படி ஏறும்? அவ தூணப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா. அந்நேரம்தான் நான் வீட்டுல இருந்து வந்து நொழஞ்சேன். என்னையப் பாத்தான். பாத்ததும் மொகம் மலந்துருச்சு தாயி. அம்மா, கொண்டாந்தியான்னான்.

கேட்டியா? கட்டுனவள அடையாளம் தெரியல. பெத்தவளத் தெரிஞ்சுச்சு. வார்டே பாத்துச்சு. பக்கத்துக் கட்டில்ல இருந்த ஆளு கண்ணத் தொடச்சாரு. நான் பைக்குள்ள கைய விட்டேன். கொண்டாந்திருந்தேன், கொண்டாராம இருப்பேனா? மூடியத் தொறந்து அவன் வாய்க்கிட்டக் கொண்டுபோனேன். ஜெகதா பாஞ்சு வந்து கையில இருந்து பிடுங்குனா. மோந்து பாத்தா. என்னைய ஒரு பார்வ பாத்தா பாரு, நான் என்னவோ விசத்தக் கொண்டாந்த மாதிரி. ஓடிப்போயிக் கைகழுவுற தொட்டியில கொட்டிட்டா. நர்சுகிட்டச் சொல்லி, டாக்டருகிட்டச் சொல்லி, வாச்மேன்கிட்டச் சொல்லி, இந்தம்மாவ உள்ள விடாதீகன்னுட்டா. அவ கொட்டுறப்ப எம்புள்ள அந்தத் தொட்டியவே பாத்துக்கிட்டிருந்தான்.

என்னா வாசமா? அதத்தான் பெறகு சொல்றேன்னு சொன்னேன். கசப்புக்கு அவன் ஒரு மூடி சேத்துக்கிருவான். பிராந்திதான். பாட்டில் மூடியில ஒரு மூடி, அம்புட்டுத்தான். மோருக்குப் பதிலா அதுல கலந்து குடுத்தா கொமட்டாம உள்ள போயிரும். மொதல்ல நானும் வேணாமின்னுதான் சொன்னேன். காலையில வெறும் வகுத்துல எதுக்குடான்னேன். அம்மா, கை நடுக்கம் இதுல நிக்குதும்மா, டம்ளரப் பிடிக்க முடியுதும்மான்னான். நெசந்தான். நானே கண்ணால பாத்தேன். குடிச்சதும் கை அப்படியே நிக்கும். புள்ளைக்கு மருந்து உள்ள போகணுமா வேண்டாமா? வெறுமனே குடுத்து வாந்தியெடுத்து வீணாப்போறதுக்கு இது மேலு இல்லையா? பாட்டில அரிசி டின்னுக்குப் பின்னால நான்தான் வச்சிருப்பேன். அவ கண்ணுல பட்டா ஆடித் தீத்துருவா.

இப்ப நடுக்கத்துக்கு மாத்திரை குடுக்குறாகளாம். தூங்க வச்சுட்டு நின்னுபோச்சுங்கிறாக. முந்தாநேத்து யாரு போன்லயோ கூப்புட்டான். கொரலே வரல. "அம்மா... கை நிக்கலம்மா... கொண்டாந்துரும்மா..." அம்புட்டுத்தான். அப்பறம் பொம்பளப் புள்ள யாரோ போனப் பிடுங்கி வச்சுருச்சு.

வீட்டுல இருந்த பாட்டிலு தீந்துபோச்சு தாயி. என்ன செய்வேன், சொல்லு. நேத்து மத்தியானம் நானே கடைக்குப் போனேன். இந்த வயசுல. புருசன் குடிச்சுக் குடும்பத்த அழிச்ச காலத்துல அந்தப் பக்கம் தலவச்சுப் படுத்ததில்ல, கடைய ஒடைக்கப் போன பொம்பளைகளோட நானும் வெளக்கமாத்தத் தூக்கிட்டுப் போனவதான். முந்தானைய முக்காடு போட்டுக்கிட்டு வரிசையில நின்னேன். ஒருத்தன் சிரிக்கல. அப்பத்தா முன்னால போங்கன்னு வழிவிட்டாக. அவுக அப்படி வழிவிட்டதுதான் எனக்குத் தாங்கல. கம்பிக்குள்ள இருக்குறவன் என்னா வேணும்ங்கிறான். எனக்குப் பேரு தெரியாது. மூடி செகப்பா இருக்கும், கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தா மூணாவதா இருக்குல்ல, அதுன்னு கையக் காட்டுனேன். யாருக்கு அப்பத்தான்னான். மருந்துக்குன்னேன். அவன் பழைய பேப்பர்ல சுத்திக் குடுத்தான்.

இந்தா இதுதான். காலையில அரைச்சது. பச்ச மாறல பாரு. ஒரு மூடிதான் ஊத்துனேன், கூட ஊத்தல. ரெண்டு ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன், வாசம் வராது. தாயி, ஒன்ன நான் ஒண்ணு கேக்கவா? நீ உள்ள போற. ஒன்கிட்டப் பாஸு இருக்கு. கேரியருக்கு அடியில இத வச்சுக் கொண்டுபோ. ஜெகதா நாலரைக்குக் கீழ வந்து டீ குடிப்பா, நானே பாத்திருக்கேன். அந்நேரம் அவன் தலமாட்டுல வச்சுட்டா போதும். நீ ஊட்ட வேண்டாம். அவனே குடிச்சுக்கிருவான்.

ஏன் கைய இழுத்துக்கிற?

என்னா? மொதத் தடவ அந்த ஒரு மண்டலம் குடிச்சாரான்னா? எங்க குடிச்சான்? சொன்னேன்ல, சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டான்ல. ஒரு சொட்டு தொடல. வாடையே வீட்டுக்குள்ள வரல. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நாங்க போகல. ஒரு மண்டலம் பூராம் ஒண்ணுமே...

ஒண்ணுமே குடிக்கல. ஆமா.

அது பத்தியம் தாயி. நீ என்னமோ சுத்தி வளைக்கிற. பத்தியம் வேற, மருந்து வேற. மருந்துதான கொணமாக்குச்சு? பத்தியமா கொணமாக்கும்? சும்மா இருந்தாக் கொணமாயிருமுன்னா அப்பறம் ஆத்தா எதுக்கு, அம்மி எதுக்கு? நான் மூணு வருசமா விடியமுன்ன எந்திரிச்சு அரைச்சதெல்லாம் எதுக்கு? சொல்லு. நீயும் அந்த டாக்டரம்மா மாதிரியே பாக்குற. அப்படிப் பாக்காத.

கதவத் தொறந்துட்டான். போ, போ. சோறு ஆறிரும். வேண்டாமின்னா வேண்டாம், நான் ஒன்னக் கோவிக்கல. ஒன் வீட்டுக்காரரு நல்லாயிருக்கட்டும். பாம்புக்குத் தப்பிச்ச மனுசன், பசியோட காத்திருப்பாரு.

தாயி, இந்தா, ஒரு நிமிசம். சன்னலோரக் கட்டிலு. முழிச்சிருந்தான்னா, ஒங்கம்மா கீழதான் உக்காந்திருக்குன்னு மட்டும் சொல்லு. அது சொல்லலாமில்ல? அதுக்கு ஒண்ணும் பாஸு வேணாமில்ல? ஆனா வெறுங்கையோட வந்திருக்குன்னு சொல்லிறாத. அம்மா கொண்டாந்துச்சான்னு அவன் கேப்பான். ஆமா, கொண்டாந்திருக்குன்னே சொல்லு. பொய்யில்லையே, இந்தா கையிலதான இருக்கு. இல்லைன்னு மட்டும் சொல்லிறாத, தாயி. இல்லைன்னு தெரிஞ்சா என்னைய அவன் தேட மாட்டான்.